எட்டு மணித் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

திங்கட்கிழமை நீ கிளம்புகிறாய். உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்துவிடப் போகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். இரண்டு நாளாக முயன்றும் பார்த்தேன். நீ சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பேன், நீ "என்னம்மா?" என்று நிமிர்ந்ததும் "ரசம் ஊத்தவா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இத்தனை வருஷமாக அறிக்கை எழுதியே பழகிப்போன ஆள் நான். மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டுமானாலும் எனக்கு ஒரு தாளும் பேனாவும் வேண்டியிருக்கிறது.

ஆலையிலிருந்து உனக்கு வந்த வேலை உத்தரவில் "கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவு, உதவிப் பொறியாளர்" என்று போட்டிருந்தது. உன் அப்பா அதைத் தான் வேலை பார்க்கும் கோர்ட்டுக்கு எடுத்துப்போய் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தார். சுற்றுச்சூழல் பொறியியல் என்று நீங்கள் படிக்கும் படிப்புக்கு எங்கள் காலத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை. "சாக்கடைச் சமாச்சாரம்" என்பார்கள், அவ்வளவுதான். தல்லாகுளத்து அரசுத் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டம்மா, "பி.எஸ்சி. படிச்சுட்டு ஊர்த் தண்ணிய மோந்து பாக்கிற வேலையா?" என்று கேட்டார். ஆமாம், அந்த வேலைதான். என் விரலில் இருக்கும் மஞ்சள் கறை அமிலத்தால் வந்தது, இனி போகாது. நான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது உனக்குத் தெரியும். உடம்புக்கு என்ன என்று கேட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. களைத்துப்போய்விட்டேன், அதுதான் விஷயம். அந்தக் களைப்பு எங்கிருந்து தொடங்கியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நீ போய் உட்காரப் போகிற நாற்காலிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

உனக்குப் பாடப்புத்தகத்தில் தெரிந்ததுதான். நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மீனும் புழுவும் மூச்சுவிடுவதற்கான காற்று தண்ணீருக்குள் கரைந்து கிடக்கிறது. அழுகக்கூடிய எதையாவது அதில் கொட்டினால், அதைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகும், அவையும் மூச்சுவிடும். கொட்டியது அதிகமானால் காற்று மொத்தமும் தீர்ந்துபோகும், தண்ணீர் செத்துப்போகும். ஒரு பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, வெளிச்சம் படாமல் ஐந்து நாள் வைத்திருந்து, எவ்வளவு காற்று செலவாயிற்று என்று பார்ப்பதுதான் என் வாழ்நாள் வேலை. பாட்டிலைத் திறந்து இரண்டு மருந்தை விடுவோம். காற்று இருந்தால் பழுப்பாகத் திரிந்து கீழே இறங்கும். இல்லையென்றால் வெள்ளையாக இறங்கும். வெள்ளை நல்ல நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஒரு வெள்ளையைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் பயம்.

நீ ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம், சோழவந்தான் பக்கத்திலிருந்து செல்லையா என்று ஒருவர் எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தார். ஆற்றோரத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். ஒரு ஆர்லிக்ஸ் பாட்டிலில் பழுப்புத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அவருடைய வாய்க்காலுக்கு மேலே ஒரு அட்டை மில் இருந்தது. வைக்கோலைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்து, அரைத்து, அட்டையாக்கும் மில். வேகவைத்த கசாயத்தை வாய்க்காலில் விடுகிறார்கள், கொடியெல்லாம் வேர் அழுகிச் சாகிறது என்றார். "நீங்களாகக் கொண்டாந்த தண்ணி சட்டப்படி செல்லாதுண்ணே. நாங்க வந்து, மில்லுக்காரங்க முன்னால எடுத்து, ரெண்டா பிரிச்சு, சீல் வச்சாத்தான் செல்லும்" என்று அனுப்பிவிட்டேன். மறு மாதம் மறுபடி வந்தார். மூன்றாம் தடவை பாட்டில் இல்லாமல், வேரோடு பிடுங்கிய ஒரு கொடியை நனைந்த சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். மேசைமேல் அதை வைத்துவிட்டு, "இதாச்சும் செல்லுமாம்மா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் மில்லுக்குப் போய்த் தண்ணீர் எடுக்க அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினேன்.

எங்களிடம் ஆள் பற்றாக்குறை. தண்ணீர் எடுப்பதும் நான்தான், சோதிப்பதும் நான்தான். ஜீப் பழுது. மரத்தூளில் ஐஸ் கட்டியைப் புதைத்த பெட்டியை உதவியாளர் சுமந்துவர, பஸ்ஸில் போய் இறங்கினோம். நல்ல வெயில். மில் கேட்டில் செல்லையா காத்துக்கொண்டிருந்தார். காவலாளி உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து, "மேனேஜர் பூஜையில இருக்கார், உக்காருங்க" என்றான். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே ஒரு மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. தம்பி, அது எனக்குக் கேட்டது. மற்ற எதை மறந்தாலும் நீ இதை நினைவில் வைத்துக்கொள்.

பிறகு மில்லின் கெமிஸ்ட் வந்தார். இப்போது உனக்கிருக்கும் வயதைவிட இரண்டு மூன்று வயது கூட இருந்திருக்கலாம். முதல் வேலை போலிருக்கிறது. சட்டைப்பையில் இரண்டு பேனா, பேச்சில் அவ்வளவு மரியாதை. என் பெட்டியைக்கூட வாங்கித் தூக்கிக்கொண்டார். கழிவு வெளியே வந்து வாய்க்காலில் விழுகிற இடத்துக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் தெளிவாக வந்துகொண்டிருந்தது. கையை விட்டேன். சில்லென்று இருந்தது. கொப்பரையில் வெந்த தண்ணீர் எப்படிச் சில்லென்று இருக்கும்? கரைக்கல்லில் ஒரு சாண் உயரத்துக்குக் கருப்பாக ஈரம், அதன்மேல் நுரை இன்னும் உடையாமல் இருந்தது. கெமிஸ்டைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லையா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "இது மோட்டாரு தண்ணிம்மா. கெணத்துலருந்து எறைச்சு விடுறாய்ங்க. காலையில விட்டது இந்நேரம் ரெண்டு மைலு தள்ளிப் பாலத்துக்கிட்டப் போயிருக்கும். வாங்க, வெரசா நடந்தாப் புடிச்சிரலாம்."

"சட்டப்படி மில்லு வாசல்லதாண்ணே எடுக்கணும்."

"சட்டத்துக்கு ஆகாட்டிப் போகுதும்மா. நீங்க பாக்கவாச்சும் வாங்க."

நான் போகவில்லை. உனக்குக் காய்ச்சல் என்றோ, வீட்டில் வேறு ஏதோ அவசரம் என்றோ எழுதிவிடலாமா என்று இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். அப்படி எதுவும் இல்லை. கால் வலித்தது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்தது. இவ்வளவுதான் காரணம். தெளிந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தேன், சீல் வைத்தேன். மில் சார்பில் கெமிஸ்ட் கையெழுத்துப் போட்டார். கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

ஐந்து நாள் கழித்து அறிக்கை எழுதினேன். எல்லாம் விதித்த அளவுக்குள் இருந்தது. ஒரு எண்கூடப் பொய்யில்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன். உன் அப்பாவிடம் அந்த மோட்டார் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். "நம்பரெல்லாம் சரிதான? அப்பறம் என்ன?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. தாலுகா அலுவலகத்தில் நடந்த விசாரணையில் மில் மேனேஜர் என் அறிக்கையை எழுந்து நின்று வாசித்தாராம். மனு தள்ளுபடியாயிற்று. நகல் வாங்கச் செல்லையா கடைசியாக ஒருமுறை வந்தார். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"அப்ப எங் கொடிக்கா ஏன் போச்சுன்னு அதுல எழுதலையா?"

"அதை நான் சோதிக்கலண்ணே."

"சரி தாயி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். எத்தனையோ பாட்டில், எத்தனையோ அறிக்கை. ஆய்வுக்கூடத்தில் மோட்டார் ஓடினால் கவனம் அங்கே போகும். நீயோ அப்பாவோ கவனித்திருக்கமாட்டீர்கள். நான் எரிந்து விழுந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். பரீட்சையில் மார்க் குறைந்ததற்காக உன்னை அடித்தேனே ஒரு நாள், அது உன் மார்க்குக்காக விழுந்த அடி இல்லை.

பிறகு அந்த மில்லைச் சுற்றியிருந்த தெருக்களில் குடிதண்ணீர்க் கிணறுகள் நிறம் மாறத் தொடங்கின. மண் வழியாக இறங்கி இறங்கி, அந்தக் கசாயம் கிணற்றுக்குள் போயிருந்தது. பெண்கள் குடத்தோடு தாலுகா அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எங்களுக்கும் ஒரு புது அதிகாரி வந்திருந்தார், கொஞ்சம் முனைப்பானவர். "அந்த இடம் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். சொல்லிவிட்டுச் செல்லையாவைத் தேடிப் போனேன். கொடிக்காலை அழித்துவிட்டு, மதுரையில் ஒரு வெற்றிலை மண்டியில் வேலைக்கு வந்திருந்தார். யாரோ எங்கோ விளைவித்த இலையை நூறு நூறாக எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். எழுந்திருக்கவில்லை.

"இப்ப என்னத்துக்கும்மா வந்தீங்க? கெணறும் போச்சாக்கும்?"

"ஆமாண்ணே. அவுங்க எந்நேரம் விடுவாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

நிறைய நேரம் இலையை அடுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம், "வெள்ளனத்துல போங்க. ஆறு மணிக்கெல்லாம் வாய்க்காக் கரையில நில்லுங்க. கேட்டுப் பக்கம் போயிராதீங்க" என்றார். நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டேன். "நான் வரலம்மா. நான் பாத்தது போதும்" என்றார்.

அதிகாரி ஜீப்பைப் பாலத்தருகே நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். நானும் உதவியாளரும் மில் சுவருக்கு வெளியே, குழாய் வாய்க்காலில் விழுகிற இடத்தில் போய் நின்றோம். பனிக்காலம், விடிந்தும் விடியாமலும் இருந்தது. ஆறு மணித் தண்ணீர் கலங்கலாக வந்தது, ஆனால் மோசமில்லை. ஏழு மணிக்கும் அப்படித்தான். இதற்காகவா வந்தோம் என்று மனசு விட்டுப்போயிற்று. அப்போது கரையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதே கெமிஸ்ட் வந்தார், வேலைக்குப் போகிற வழியில். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மேனேஜருக்குத் தெரியுமா மேடம்?"

"இன்னும் இல்ல. சீல் வைக்கறப்பச் சொல்லணும். மில்லு சார்பா நீங்களே இருந்தாலும் போதும்."

அவர் தண்ணீரைப் பார்த்தார். பாட்டில்களைப் பார்த்தார். உள்ளே ஓடிப்போய்ச் சொல்லப் போகிறார், மோட்டார் ஓடப் போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இது ஒண்ணுமே இல்ல மேடம். எட்டு மணிக்கு அடித்தொட்டியக் கழுவித் தெறந்துவிடுவாங்க. அதுவரைக்கும் இருங்க" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் போல ஒரு மணி நேரம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சுவரில் காதை வைக்காத குறையாக நின்றேன். மோட்டார் ஓடவில்லை. எட்டு மணிக்குக் குழாய் ஒரு தடவை இருமியது போலச் சத்தம் போட்டது. பிறகு வந்தது. காப்பி டிகாக்ஷன் நிறத்தில், ஆவி பறக்க, நுரை தள்ளிக்கொண்டு. அழுகிய வைக்கோலும் சுண்ணாம்பும் சேர்ந்த நாற்றம். உதவியாளர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கரையோரத்தில் இரண்டு தவளை மேலே ஏறி ஓடியதைப் பார்த்தேன். கெமிஸ்ட் தானாகவே வந்து என் பக்கத்தில் நின்றார். சின்ன பாட்டிலில் பிடித்து மருந்தை விட்டேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வெள்ளையாக இறங்கியது.

"ஒண்ணுமே இல்லையா மேடம்?" என்று கேட்டார். படித்தவர்தான், அவருக்குத் தெரியாதா? தினமும் எட்டு மணிக்கு நடப்பதை அன்றைக்குத்தான் பாட்டிலுக்குள் பார்க்கிறார்.

"ஒண்ணுமே இல்ல" என்றேன்.

மாதிரியை இரண்டாகப் பிரித்துச் சீல் வைத்தேன். தாளை நீட்டினேன். உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல், தாளை ஐஸ் பெட்டியின் மேல் வைத்து, நேரம் எட்டு பத்து என்று அவரே எழுதி, கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதம் விசாரணையில் நின்றது. மில்லை மூடச் சொன்னார்கள். மூன்று மாதம் மூடிக் கிடந்தது. அந்த மூன்று மாதமும் கூலியில்லாமல் கிடந்தவர்கள் என்னைத்தான் திட்டியிருப்பார்கள். திட்டியது நியாயம். பிறகு கழிவைப் படிய வைக்க ஒரு தொட்டி, காற்று அடித்துக் கிருமிகளை வளர்க்க ஒரு தொட்டி, மறுபடி படிய வைக்க ஒரு தொட்டி என்று கட்டினார்கள். தண்ணீர் வெளுத்து வந்தது. எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்; அது பீரோவில் எங்கோ இருக்கிறது. தொட்டியில் படிந்த சகதியை என்ன செய்கிறீர்கள் என்று அடுத்த தடவை போனபோது கேட்டேன். மில்லுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் மலைபோல் குவித்திருந்தார்கள். மழை பெய்தால் அது எங்கே போகும் என்று அந்த மேனேஜருக்குக் கவலையில்லை. தம்பி, நீ படித்த படிப்பு முழுவதும் ஓரிடத்து அழுக்கை இன்னோரிடத்துக்கு மாற்றுவதுதான். அதை எங்கே, எப்படி வைத்தால் யாருக்கும் கெடுதல் குறைவு என்று பார்க்கலாம். இல்லாமல் செய்ய முடியாது. கிணறுகள் தெளிய வருஷங்கள் ஆயின. இரண்டு கிணறு தெளியவே இல்லை. அந்தக் கரையில் மறுபடி யாரும் கொடிக்கால் போடவில்லை. காற்று அடிக்கிற மோட்டாருக்குக் கரண்ட் நிறைய ஆகும்; நாங்கள் இல்லாத நாளில் அது ஓடுகிறதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அந்தக் கெமிஸ்டை மறு வாரமே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. என்ன முகத்தோடு போவது? பாராட்டுக் கடிதம் எனக்கு வந்தது, அவருக்கு எந்த மில்லிலும் வேலை கிடைக்கவில்லை. பழங்காநத்தத்தில் ஒரு மாடியறையில் டியூஷன் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். போய், என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், கெமிஸ்ட்ரியில் தடுமாறுகிறான், சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன் ராமநாதன் சார்தான். பக்கத்திலேயே நல்ல டியூஷன் இருக்கும்போது எதற்கு இரண்டு பஸ் மாறிப் போகச் சொல்கிறாய் என்று நீ சண்டை போட்டாய். பிறகு அவரால்தான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாய். அவர் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. உன்னை இந்த வழியில் கொண்டுவிட்டது நாங்கள் இரண்டு பேரும்தானோ என்று எனக்குக் குற்ற உணர்ச்சி இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வேலை விஷயத்தைச் சொல்ல அவரிடம் போயிருந்தேன். சந்தோஷப்பட்டார். அன்றைக்குச் செய்தது சரிதானா என்று நான் கேட்டேன்; இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். "தெரியல மேடம். தங்கச்சிக்குப் பேசி வச்சிருந்த எடம் கலைஞ்சு போச்சு. அப்பறம் மூணு வருஷம் கழிச்சுத்தான் அவளுக்கு முடிஞ்சுது. தண்ணியப் பாத்தா சரின்னு தோணும், அவளப் பாத்தாத் தப்புன்னு தோணும்" என்றார். உனக்கு ஏதாவது சொல்லி அனுப்புங்கள் என்றேன். "நான் என்னத்தச் சொல்ல? மொத வாரம் எல்லாக் குழாயும் எங்கருந்து எங்க போகுதுன்னு அவனே நடந்து பாக்கட்டும். பாக்காம எதுலயும் கையெழுத்துப் போட வேணாம்" என்றார்.

அவரைப் போல இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்காதே என்று சொல்லவும் வரவில்லை. நான் போய் நின்ற கேட்டுக்கு உள்பக்கம் நீ இருக்கப் போகிறாய். அங்கே ஒரு நாள் மோட்டாரைப் போடச் சொல்லி உன்னிடம் வந்து நிற்பார்கள். அன்றைக்கு உனக்கு என்ன தோன்றுமோ, அதை நீதான் செய்ய வேண்டும். உன் அம்மா களைப்பாக இருந்த ஒரு மத்தியானம் என்ன செய்தாள் என்று தெரிந்துகொண்டு செய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கிளம்பும்போது அவர் மாடிப்படி வரைக்கும் வந்தார். வேலை போய் வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவருடைய அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். அதற்கப்புறம் ஒரு வருஷம் சோறு போட்டாராம், பேசவில்லையாம். "வேலை போனதுகூட இல்ல மேடம், அதுதான்" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

தம்பி, என்ன நடந்தாலும், எந்த நேரத்தில் நீ வந்து கதவைத் தட்டினாலும், நான் உன்னோடு பேசுவேன்.

அம்மா